கேள்வியை மாற்றிய மருத்துவர்

நோய் என்றால் என்ன? அது உடலில் எங்கே தொடங்குகிறது? இவை மருத்துவக் கேள்விகள் மட்டுமல்ல. மெய்யியல் கேள்விகளும் ஆகும். உடலில் கரும்பித்தம் என்னும் நீர் மிகுவதால்தான் புற்றுநோய் உண்டாகிறது என்று மருத்துவர்கள் பல நூற்றாண்டுகளாக நம்பினர். அந்தப் பழைய சிந்தனையிலிருந்து மருத்துவ உலகம் விடுபட உதவியவர்களுள் முதன்மையானவர் ருடோல்ஃப் விர்ச்சோ.

விர்ச்சோ 1821ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள், பிரஷ்யாவின் ஷிவெல்பைன் என்ற சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. அவருடைய குடும்பம் வசதி மிக்கதன்று. ஆகவே, உதவிநிதி பெற்று பெர்லினில் மருத்துவம் பயின்றார். 1843இல் பட்டம் பெற்றபின் அங்குள்ள சாரிட்டே மருத்துவமனையில் பணியில் சேர்ந்தார்.

1845இல், இறந்துபோன ஒரு பெண்ணின் உடலை அவர் ஆராய்ந்தார். அப்பெண்ணின் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அளவுக்கு அதிகமாக இருந்தன. வேறு சிலர் இத்தகைய நிலையைக் கண்டபோது, இரத்தத்தில் சீழ் கலந்துவிட்டது என்று கருதினர். விர்ச்சோ அவசரப்பட்டுக் காரணம் கூறவில்லை. தாம் கண்டதை மட்டும் குறிக்கும் வகையில் அதை வெள்ளை இரத்தம் என்றே அழைத்தார். பின்னர், அதே பொருள் தரும் லுகேமியா என்ற பெயரை 1847இல் சூட்டினார். இரத்தப் புற்றுநோய்க்கு அப்பெயர் இன்றும் வழங்குகிறது.

1848இல், மேல் சைலீசியா வட்டாரத்தில் பரவிய டைஃபஸ் காய்ச்சலை ஆராய அரசாங்கம் அவரை அனுப்பியது. அங்குப் பசியும் வறுமையும் கல்வியின்மையும் மக்களை வாட்டின. மருந்து மட்டும் போதாது. மக்களுக்குக் கல்வியும் உரிமையும் நல்வாழ்வும் வேண்டும் என்று அவர் துணிந்து அறிக்கை எழுதினார். அதே ஆண்டில் மூண்ட மக்கள் புரட்சியிலும் பங்கேற்றார். அதனால் அரசின் அதிருப்திக்கு ஆளாகி, 1849இல் பெர்லினை விட்டு வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார்.

உயிரணுக்கள் உருவமற்ற ஒரு நீர்மத்திலிருந்து தோன்றுகின்றன என்பதே அக்காலத்தில் பரவலான கருத்து. விர்ச்சோவும் முதலில் அதை ஏற்றிருந்தார். நுண்ணோக்கியில் கண்டவை அவர் மனத்தை மாற்றின. ஓர் உயிரணு மற்றோர் உயிரணுவிலிருந்தே பிறக்கிறது என்று அவர் 1855இல் எழுதினார். ராபர்ட் ரேமாக் என்ற அறிஞர் இதை முன்பே கூறியிருந்தார். எனினும், 1858இல் வெளிவந்த விர்ச்சோவின் நூலே இக்கருத்தை எங்கும் பரப்பியது. குடிமக்கள் சேர்ந்து நாடாவதுபோல் உயிரணுக்கள் சேர்ந்தே உடலாகிறது என்று அவர் விளக்கினார். அப்படியானால் புற்றுநோய் எங்கிருந்தோ வந்து புகுந்த பொருளன்று. நம் உடலின் உயிரணுக்களே நெறி மாறி வளர்வதால் வருவது. கேள்வி மாறியது, ஆராய்ச்சியின் திசையும் மாறியது.

அவருடைய கருத்துகள் யாவும் சரியாக இருக்கவில்லை. புற்றுக்கட்டிகள் இணைப்புத் திசுவிலிருந்து தோன்றுகின்றன என்று அவர் நம்பினார். ஆனால், தோல் புற்றுநோய் தோலின் மேற்பரப்பு உயிரணுக்களிலிருந்தே தோன்றுகிறது என்று கார்ல் டீர்ஷ் 1865இல் காட்டினார்.

1887இல் மேலும் ஒரு சோதனை வந்தது. ஜெர்மானியப் பட்டத்து இளவரசர் ஃபிரடெரிக்கின் தொண்டையிலிருந்து எடுக்கப்பட்ட சிறு துண்டுகளை விர்ச்சோ ஆராய்ந்தார். அவற்றில் புற்றுநோய்க்கான சான்று இல்லை. அதை நம்பி, கட்டியை அகற்றும் பெரிய அறுவைச் சிகிச்சை கைவிடப்பட்டது. 1888 மார்ச்சில் அரியணை ஏறிய அவர், 99 நாள்களே ஆட்சிசெய்து தொண்டைப் புற்றுநோயால் இறந்தார். ஒரு துண்டில் நோயைக் காணவில்லை என்பது வேறு. உடலில் நோயே இல்லை என்பது வேறு. இவ்வேறுபாட்டை மருத்துவ உலகம் பெரும் விலை கொடுத்து உணர்ந்தது.

1856இலேயே பெர்லின் திரும்பியிருந்த விர்ச்சோ, நகர மன்ற உறுப்பினராகி, அந்நகருக்குக் கழிவுநீர் வடிகால் அமையப் பாடுபட்டார். 1902 ஜனவரியில் டிராம் வண்டியிலிருந்து குதித்து இறங்கியபோது அவருடைய தொடை எலும்பு முறிந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 5ஆம் நாள் அவர் காலமானார்.

இன்றும் மருத்துவர்கள் புற்றுநோயை அறிய உயிரணுக்களையே நுண்ணோக்கியில் பார்க்கின்றனர். ஆராய்ச்சிக்குக் கருவிகள் தேவை. அவற்றைக் கொண்டு எதைத் தேடுவது, கண்டதிலிருந்து எவ்வளவு முடிவு செய்வது என்று தெளிவாகச் சிந்திப்பதும் தேவை. விர்ச்சோவின் வெற்றியும் பிழையும் நமக்கு இதையே கற்பிக்கின்றன.