எண்ணெய் வண்ணம் கண்ட இரவிவர்மர்

நம் புதுவையின் பழைய இல்லங்களில் கண்ணாடிச் சட்டத்துள் தொங்கும் வண்ணப்படங்களின் மூலத்தைத் தேடிச் சென்றால், அத்தேடல் பெரும்பாலும் இராஜா இரவிவர்மரிடம் கொண்டு சேர்க்கும். 1848 ஏப்ரல் 29இல் கிளிமானூரில் பிறந்த அவர், உருவப்பட ஓவியராகப் பெரும்புகழ் எய்தியவர். ஆயினும் அக்கலையைக் கற்க அவர் பட்டபாடு சிறிதன்று.

பதினான்காம் அகவையில் தாய்மாமனுடன் திருவனந்தபுரம் சென்றார். மன்னர் ஆயில்யம் திருநாள் ஆதரித்தார். எண்ணெய் வண்ணக்கலை அறிந்திருந்த அரசவை ஓவியர், மதுரை இராமசாமி நாயுடு. அவரோ கற்றுத்தர மறுத்துவிட்டார். அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளையே ஆசிரியர் அறியாமல் இரவில் வந்து சில நுட்பங்களைச் சொல்லித் தந்தாராம். 1868இல் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பியரும் கற்பிக்க இசையவில்லை. தாம் தீட்டுவதைப் பார்க்க மட்டும் இடமளித்தார். பார்த்தே கற்றார் இளைஞர். பாடம் சொல்லிப் பிழைக்கும் நம்மைச் சற்றே நாணச் செய்யும் செய்தி இது.

1873இல் சென்னை ஓவியக் கண்காட்சியில் பொற்பதக்கம் பெற்றார். வியன்னாவிலும் பரிசு கிடைத்தது. பின்னர்ச் சென்னை ஆளுநர் பக்கிங்காம் பிரபுவும் பல சமஸ்தான மன்னரும் அவர்முன் அமர்ந்தனர். பட்டின் மடிப்பும் நகையின் ஒளியும் முகத்தின் இயல்பும் அவர் தூரிகையில் உயிர்பெற்றன. புராணப் படங்களே மக்களிடம் பெரிதும் பரவின. நாமோ உருவப்படங்களையே மேலாக மதிக்கிறோம். 1889இல் தீட்டிய இசைக்கலைஞர் ஓவியத்தில் நாயர், மராட்டிய, இசுலாமிய மகளிர் ஒருங்கே அமர்ந்துள்ளனர். 1893இல் அமெரிக்காவின் சிகாகோ கண்காட்சிக்கு அவர் ஓவியங்கள் பத்துச் சென்று பரிசு பெற்றன.

அரண்மனைச் சுவர்களுக்குள் அடைபட்ட ஓவியத்தை எளியோர் இல்லங்களுக்குக் கொண்டுசெல்ல விழைந்து, 1894இல் மும்பையில் செருமானியப் பொறிகளுடன் அச்சகம் நிறுவினார். படங்கள் பரவின, கடனும் ஏறியது. 1901இல் அச்சகத்தை அங்குப் பணியாற்றிய செருமானியர் சிலெய்க்கரிடமே விற்க நேர்ந்தது. தமக்கு மறைக்கப்பட்ட கலையின் பயனை ஊரெல்லாம் காணச் செய்தவருக்கு அதனால் மிஞ்சியது இழப்பே.

உடனிருந்து தீட்டிய தம்பி இராஜராஜவர்மா 1905இல் மறைந்தார். தளர்ந்த உடலோடு மைசூர் அரசர்க்கான ஓவியங்களைத் தீட்டிய இரவிவர்மர், 1906 அக்டோபர் 2இல் கிளிமானூரிலேயே கண்மூடினார்.