ஏ. ஜி. ராம்சிங்

அமிர்தசரஸில் 1910-ஆம் ஆண்டு பிறந்து, சென்னையைத் தம் ஊராக்கிக்கொண்டவர் ராம்சிங். இடக்கையால் மட்டை பிடிப்பதிலும் சுழற்பந்து வீசுவதிலும் அவர் வல்லவராய் விளங்கினார்.

1934-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 4-ஆம் நாள், சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் தொடங்கிற்று. முதலில் மட்டை பிடித்த மைசூர் அணியார் 48 ஓட்டங்களே எடுத்தனர். சென்னை அணி 130 ஓட்டங்கள் சேர்த்தது. மைசூரார் மீண்டும் ஆடி, 59 ஓட்டங்களுடன் ஓய்ந்தனர். பல நாள் நடக்க வேண்டிய ஆட்டம் ஒரே பகலில் முடிந்துவிட்டது! அன்று ராம்சிங் ஒருவரே, 35 ஓட்டங்கள் மட்டும் கொடுத்து, 11 விக்கெட்டுகளை வீழ்த்தினார்.

இத்துணைத் திறமை படைத்தவருக்கு 1936-இலும் 1946-இலும் இங்கிலாந்து சென்ற இந்திய அணிகளில் இடம் கிட்டவில்லை. இடையில் இந்தியாவுக்காக ஆடிய ஆட்டங்களோ அங்கீகாரம் பெற்ற டெஸ்ட் பந்தயங்கள் அல்ல. அக்குறை இறுதிவரை நீங்கவேயில்லை.

ஆடுகளத்தை விட்டபின் அவர் பிறரை ஆட்டத்தில் பழக்கும் பயிற்சியாளரானார். அவருடைய மைந்தர்களும் அவரிடமே பயின்றனர். கிருபால்சிங் 1955-இல் ஹைதராபாத்தில், நியூஜிலாந்துக்கு எதிராகத் தாம் ஆடிய முதல் டெஸ்டிலேயே ஆட்டமிழக்காமல் நூறு ஓட்டங்கள் எடுத்தார். 1960-ஆம் ஆண்டு ஜனவரியில், 18 வயதே நிரம்பிய மில்காசிங், ஆஸ்திரேலியருக்கு எதிராகச் சென்னையிலேயே களம் புகுந்தார்.

ராம்சிங் 1999-ஆம் ஆண்டு சென்னையில் காலமானார்.