குமரப்பா போட்ட குடும்பக் கணக்கு

திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில் டி.கல்லுப்பட்டியை நம்மில் பலரும் தாண்டிப் போயிருப்போம். அங்குள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தார்.

அவர் 1892 ஜனவரி 4 அன்று தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் தொழில் நடத்தினார். பிறகு அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதி படித்தார். ஆங்கில அரசின் வரவு செலவைப் புரட்டிப் பார்த்தபோது, நம் நாட்டு வறுமைக்கான காரணம் அந்தக் கணக்கிலேயே இருப்பதைக் கண்டார். 1929இல் காந்தியைச் சந்தித்தார். மேல்நாட்டு உடை போய்க் கதர் வந்தது. குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவும் திரும்பி வந்தது.

குஜராத்தின் மாதர் தாலுகாவில் கிராமம் கிராமமாகப் போய் விவசாயிகளின் பொருளாதார நிலையை ஆராய்ந்தார். 1934இல் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் தொடங்கியபோது அதன் செயலாளரானார். சுதந்திரப் போராட்டத்தில் பலமுறை சிறை சென்றார். சிறையில் எழுதி 1945இல் வெளிவந்த அவரது நூல், நிலைத்து நிற்கும் பொருளாதாரம் எது என்று கேட்டது. தேனீ பூவில் தேன் எடுக்கிறது. அப்போதே மகரந்தம் சேர்த்து, பூவுக்கும் நன்மை செய்கிறது. மனிதனின் தொழிலும் அப்படி இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. இரசாயன உரத்தை எதிர்த்து, மக்கிய உரத்தை வலியுறுத்தினார்.

காங்கிரஸ் அமைத்த நிலச்சீர்திருத்தக் குழு அவர் தலைமையில் 1949இல் அறிக்கை தந்தது. ஒரு விவசாயக் குடும்பத்துக்கும் ஒரு ஜோடி மாட்டுக்கும் முழு வேலை, ஓரளவு நல்ல வாழ்க்கை: இவற்றைத் தரும் நிலமே கட்டுப்படியாகும் நிலம் என்றது அந்த அறிக்கை. அதாவது, குடும்பத்தின் உழைப்பே அளவுகோல்.

இந்த அளவுகோலின் அருமை இன்றைக்குப் பூச்சி விஷயத்தில் தெரிகிறது. 2018இல் தமிழ்நாட்டுக்குள் வந்த படைப்புழு நம் மாவட்ட மக்காச்சோளத்தையும் விட்டுவைக்கவில்லை. விஷம் குறைத்து அதைச் சமாளிக்க வழி உண்டு. கோடையில் ஆழ உழ வேண்டும், வரப்போரம் தட்டைப்பயறு விதைக்க வேண்டும், இனக்கவர்ச்சிப் பொறி வைக்க வேண்டும், இலையில் இருக்கும் முட்டைக் குவியலைக் கிள்ளி நசுக்க வேண்டும். 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டர் கரைசலாக்கித் தெளிக்கலாம். இதில் பணச்செலவு குறைவு. கண்ணும் கையும்தான் அதிகம் வேண்டும்.

ஆனால் நம் பகுதியில் அந்தக் கைகள் பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் போய்விட்டன. வாரக்கூலி கையில் வரும்போது, மழையை நம்பிய கரிசல் காட்டை யார் தினமும் சுற்றுவார்கள்? அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆள் இல்லாத இடத்தில் மருந்து டப்பா வந்து நிற்கிறது. வீட்டுப் பெண்களின் காட்டு வேலைக்கு எந்தப் பேரேட்டிலும் பற்று வைக்காத வரை, மருந்துதான் மலிவு என்று தோன்றும். அந்த உழைப்புக்கும் கூலி கட்டும் விலை விளைபொருளுக்குக் கிடைத்தால்தான் கணக்கு நேராகும்.

குமரப்பா 1960 ஜனவரி 30 அன்று, காந்தியின் நினைவு நாளிலேயே காலமானார். நம் வாசலுக்கு வரும் கத்தரிக்காயில் சிறு ஓட்டை இருந்தால் உடனே ஒதுக்காமல், விளைவித்தவரிடம் எப்படி விளைந்தது என்று ஒரு வார்த்தை கேட்போம். பேரம் பேசுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.