வினையூக்கியாய் வாழ்ந்த விஞ்ஞானி ஞான சந்திர கோஷ்



இந்திய அறிஞர்கள் யார் யார் என்று நம்ம பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். சர் சி. வி. ராமன், ராமானுஜன், அப்துல் கலாம் என்று மூன்று பெயர் உடனே வரும். அதற்கு மேல் கொஞ்சம் யோசிப்பார்கள். இந்த இதழில் நான் எழுதப்போவது, ராமன் விலகிய பதவிக்குப் பின்னர் வந்து அமர்ந்தவரைப் பற்றி. இந்தியாவின் முதல் ஐ.ஐ.டி.க்கு முதல் இயக்குநராக இருந்தவரும் அவர்தான். பெயர், சர் ஞான சந்திர கோஷ்.

அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. நான் வேதிப் பொறியியல் மாணவன். கரிவளியைப் பிடித்து, அதையே மறுபடியும் எரிபொருளாக மாற்றுகிற வேலையில் இன்று உலகம் முழுக்க ஆய்வாளர்கள் இறங்கியிருக்கிறார்கள். அந்த ஆய்வின் உயிர்நாடி வினையூக்கி. படிவம் 4 வேதியியலில் மங்கின் என்று படித்தோமே, அதேதான். இந்தத் துறையின் வரலாற்றைத் தேடிப் போனால் ஜெர்மானியர், பிரெஞ்சுக்காரர் பெயர்களாகவே வரும். அவர்களுக்கு நடுவே பெங்களூரில் உட்கார்ந்து இதே வேலையைச் செய்த ஒரு வங்காளி இருந்தார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

குருவும் சீடர்களும்

கோஷ் 1894ஆம் ஆண்டு புருலியாவில் பிறந்தார். மேற்படிப்புக்குக் கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரி. அங்கே அவருக்கு வேதியியல் சொல்லிக் கொடுத்தவர் ஆச்சார்ய பிரபுல்ல சந்திர ராய். கல்யாணம் செய்துகொள்ளாமல், கதராடையோடு, சின்ன அறையில் வாழ்ந்த மனிதர். பழங்கால இந்துக்களின் வேதியியல் அறிவைத் தேடித் தொகுத்து இரண்டு பாகமாகப் புத்தகம் எழுதினார். வங்காள இளைஞர்களுக்கு வேலை வேண்டும் என்று பெங்கால் கெமிக்கல் என்ற மருந்துத் தொழிற்சாலையையும் தொடங்கினார். அறுபது வயதுக்கு மேல் வாங்கிய சம்பளத்தைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார். ஆய்வு, சுயதொழில், எளிமை மூன்றும் ஒரே மனிதரிடம் இருந்தன. நம்ம குருகுல மரபு எப்படி இருந்திருக்கும் என்று கேட்டால் நான் இவரைத்தான் காட்டுவேன்.

அந்தக் காலத்துப் பிரெசிடென்சி கல்லூரியில் கோஷோடு படித்தவர்கள் யார் தெரியுமா? சத்யேந்திரநாத் போஸ், மேக்நாத் சாஹா. மூவரும் 1915இல் முதுகலை முடித்தார்கள். மூவரையுமே அசுதோஷ் முகர்ஜி புதிதாகத் தொடங்கிய அறிவியல் கல்லூரிக்கு ஆசிரியர்களாக அழைத்துக்கொண்டார். மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வயதில் பெரிய வித்தியாசம் இல்லாத கல்லூரி அது.

உப்பு கரைந்த தண்ணீர்

கோஷ் எடுத்துக்கொண்ட கேள்வி சாதாரணமானது. உப்பைத் தண்ணீரில் போட்டால் உள்ளே என்ன நடக்கிறது? உப்பு அயனிகளாகப் பிரிகிறது, அதனால் மின்சாரம் ஓடுகிறது என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம். ஆனால் ஒரு பகுதிதான் பிரிகிறது, மீதி சேர்ந்தே இருக்கிறது என்று பெரியவர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். கோஷ் அப்படி இல்லை என்றார். உப்பு முழுக்கவே பிரிகிறது. பிரிந்த அயனிகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதால்தான் மின்சாரம் குறைவாக ஓடுகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 1918இல் அந்தக் கட்டுரைகள் லண்டனில் அச்சாயின. அப்போது அவருக்கு வயது 24. ஐரோப்பாவின் பெரிய பெயர்களெல்லாம் திரும்பிப் பார்த்தன. 1919இல் இங்கிலாந்து போய், லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் டோனன் என்ற பேராசிரியரிடம் ஆய்வு செய்தார்.

கதை இதோடு முடிந்திருந்தால் இது இன்னொரு மேதையின் கதை, அவ்வளவுதான். எனக்குப் பிடித்த பகுதி இதற்கு அப்புறம்தான் வருகிறது.

1921இல் கோஷ் நாடு திரும்பி, புதிதாகத் திறந்த டாக்கா பல்கலைக்கழகத்தில் வேதியியல் துறைத் தலைவரானார். இரண்டு வருஷம் கழித்து, 1923இல், டெபாய், ஹூக்கெல் என்ற இருவர் அதே கேள்விக்கு வேறு விடை கொண்டுவந்தார்கள். படிகத்தில் அடுக்கி வைத்ததுபோல அயனிகள் தண்ணீரிலும் வரிசையாக நிற்கின்றன என்று கோஷ் கணக்குப் போட்டிருந்தார். உண்மையில் அவை ஓயாமல் அலைகின்றன. ஒவ்வோர் அயனியையும் சுற்றி எதிர் அயனிகள் மேகம்போலச் சூழ்ந்திருக்கின்றன என்று அவர்கள் காட்டினார்கள். சோதனை முடிவுகளோடு அவர்கள் கணக்கு பொருந்தியது. உப்பு முழுக்கப் பிரிகிறது என்ற கோஷின் அடிப்படை சரிதான். ஆனால் கணக்கு தோற்றுவிட்டது. இன்று பாடப்புத்தகத்தில் டெபாய், ஹூக்கெல் பெயர்தான் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். கூடப் படித்த சாஹா 1920இல் வெளியிட்ட சமன்பாடு நட்சத்திரங்களின் வெப்பத்தை அளக்க இன்றும் பயன்படுகிறது. அதே டாக்காவில் இயற்பியல் துறையில் இருந்த போஸ், 1924இல் ஐன்ஸ்டீனுக்குக் கட்டுரை அனுப்பி உலகப் புகழ் அடைந்தார். மூன்று நண்பர்களில் இருவர் கண்டது நிலைத்துவிட்டது. ஒருவருடையது மட்டும் சரிந்தது. அப்போது கோஷுக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை.

அவர் என்ன செய்தார்? பழைய கோட்பாட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வாழ்நாளெல்லாம் வாதாடவில்லை. வேலையை விட்டு ஓடவும் இல்லை. டாக்காவில் பதினெட்டு வருஷம் இருந்து ஒரு துறையையே வளர்த்தார். ஒளிபட்டால் நடக்கிற வேதிவினைகளை ஆராய்ந்தார். அப்படியே மெதுவாக வினையூக்கிகள் பக்கம் வந்தார்.

போர்க்காலமும் பெட்ரோலும்

1939இல் கோஷ் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். அந்த வருஷமே இரண்டாம் உலகப்போர் வெடித்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்தது. பர்மா எண்ணெய் நின்றதும் இந்தியாவில் பெட்ரோல் பஞ்சம். ஜெர்மனியிடமும் எண்ணெய்க் கிணறு அதிகம் இல்லை. ஆனால் அவர்கள் நிலக்கரியிலிருந்தே பெட்ரோலும் டீசலும் செய்துகொண்டிருந்தார்கள். ஃபிஷர், டிராப்ஷ் என்ற இரு ஜெர்மானியர் 1920களில் கண்டுபிடித்த வழிகளில் ஒன்று அதற்கு உதவியது.

அது எப்படி என்றால், நிலக்கரியை நீராவியோடு சேர்த்துச் சூடாக்கினால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு கிடைக்கும். அந்த வாயுவைக் கோபால்ட் உலோகத் தூளின்மேல் சுமார் 200 டிகிரி வெப்பத்தில் ஓடவிட்டால், கார்பன் அணுக்கள் ஒன்றோடு ஒன்று சங்கிலியாகக் கோர்த்துக்கொண்டு எண்ணெயாக வெளியே வரும். கோபால்ட் செலவாகாது. தன்மேல் வந்து உட்காரும் வாயுக்களை உடைத்துச் சேர்த்து அனுப்பிவிட்டு, அடுத்த வாயுவுக்கு இடம் கொடுக்கும். மங்கின் செய்கிற வேலை இவ்வளவுதான். அது சக்தி தராது, வழியைச் சுலபமாக்கும்.

கோஷும் எம். வி. சி. சாஸ்திரி முதலான அவருடைய சகாக்களும் இந்தக் கோபால்ட் வினையூக்கிகளைத்தான் ஆராய்ந்தார்கள். வாயு எவ்வளவு ஒட்டுகிறது, எந்தச் சூட்டில் ஒட்டுகிறது, எதனால் வினையூக்கி சோர்ந்துபோகிறது என்று பொறுமையாக அளந்தார்கள். அளந்து அளந்து எழுதிய அந்தக் கட்டுரைகள் பின்னால் வந்தவர்களுக்கு அடித்தளமாயின.

இயக்குநராக அவர் செய்தது இன்னும் பெரிது. அதுவரை அந்தக் கழகம் பெரும்பாலும் தூய அறிவியலுக்கே பேர்போனது. கோஷ் காலத்தில் பொறியியல் துறைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. 1942இல் விமானப் பொறியியல் தொடங்கியது. எஞ்சின் ஆய்வும் உலோகவியலும் தொடர்ந்து வந்தன.

சிறைக்கூடம் கல்லூரியானது

சுதந்திரத்துக்குப் பிறகு, உயர்தரத் தொழில்நுட்பக் கழகங்கள் வேண்டும் என்று இந்தியா முடிவெடுத்தது. முதல் கழகத்துக்குக் கிடைத்த இடம் காரக்பூர் பக்கத்தில் ஹிஜ்லி. அது வெள்ளைக்காரர்கள் விடுதலை வீரர்களை அடைத்து வைத்திருந்த முகாம். 1931 செப்டம்பர் 16ஆம் தேதி, ஆயுதம் இல்லாத கைதிகள்மேல் போலீஸ் சுட்டதில் அங்கே இரண்டு பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்தில்தான் 1951இல் 224 மாணவர்களோடும் 42 ஆசிரியர்களோடும் ஐ.ஐ.டி. வகுப்புகள் தொடங்கின. முதல் இயக்குநர் கோஷ். இளைஞர்களைப் பூட்டி வைத்த சுவருக்குள் இளைஞர்களைப் படிக்க வைத்தார்கள். இதைவிடப் பெரிய பதில் வேறு என்ன இருக்க முடியும்?

1954இல் பத்ம பூஷண் விருது பெற்றார். பிறகு கல்கத்தா பல்கலைக்கழகத் துணைவேந்தர், இந்தியத் திட்டக் குழு உறுப்பினர் என்று கடைசிவரை வேலை. 1959 ஜனவரி 21ஆம் தேதி காலமானார்.

அவரோடு வேலை பார்த்த சாஸ்திரி சென்னை ஐ.ஐ.டி.யில் வேதியியல் துறையைக் கட்டி எழுப்பினார். அதே வளாகத்தில் இன்று வினையூக்கிகளுக்கென்றே ஒரு தேசிய ஆய்வு மையம் இயங்குகிறது. கல்கத்தாவில் ராய் ஏற்றிய விளக்கு பெங்களூர் வழியாகத் தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது.

நம்ம தோட்டத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் எங்கே தெரியுமா? நம்ம கோல சிலாங்கூர் மாவட்டத்தில், பத்தாங் பெர்ஜுந்தை பக்கம். இன்றைக்கு பெஸ்தாரி ஜெயா என்கிறோம். 1917இல் ஹென்றி ஃபோக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கிய அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். பெயரே தமிழ்! நாட்டை வளர்த்த ஒரு தொழிலின் தொடக்கத்தில் நம்ம பாட்டன் பாட்டிகளின் வியர்வை இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

செம்பனை ஆலை இருக்கிற இடமெல்லாம் கழிவுநீர்க் குளங்களும் இருக்கும். புக்கிட் ரோத்தான், ஈஜோக் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அந்த வாடையைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. குளத்துக்குள் உயிர்வளி இல்லாத இடத்தில் நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று வாயுவை விடுகின்றன. அதில் பாதிக்கு மேல் மீத்தேன், மீதி பெரும்பாலும் கரிவளி. பூமியைச் சூடாக்குவதில் மீத்தேன் கரிவளியைவிட இருபது மடங்குக்கும் மேல் மோசம். சில ஆலைகள் குளத்தை மூடி, அந்த வாயுவைப் பிடித்து மின்சாரம் எடுக்கின்றன.

ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போகப் பார்க்கிறார்கள். மீத்தேனையும் கரிவளியையும் சேர்த்து, 700 டிகிரிக்கு மேல், நிக்கல் வினையூக்கியின்மேல் விட்டால் கிடைப்பது என்ன? கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும். அதாவது கோஷ் ஆராய்ந்த அதே வாயுக் கலவை! அதற்கப்புறம் கோபால்ட் பார்த்துக்கொள்ளும்; டீசலும் விமான எரிபொருளும்கூடச் செய்யலாம். இது வெறும் கனவு இல்லை. சரவாக் பிந்துலுவில் இயற்கை வாயுவை இந்தக் கோபால்ட் முறையில் எண்ணெயாக்கும் ஷெல் ஆலை 1993இலேயே ஓடத் தொடங்கியது.

அப்படியென்றால் ஏன் நம்ம குளங்களில் இன்னும் நடக்கவில்லை? நிக்கலின்மேல் கரி படிந்து மூடிவிடுகிறது. குளத்து வாயுவில் இருக்கிற கந்தகம் வினையூக்கியை விஷம்போலக் கொல்கிறது. அவ்வளவு சூடு கொடுக்கப் பணம் ஆகும். சின்ன ஆலைகளுக்குக் கட்டுப்படி ஆகாது. கரி படியாத, கந்தகத்தைத் தாங்குகிற, மலிவான ஒரு வினையூக்கி வேண்டும். அதை யாரோ ஒருவர் ஏதோ ஒரு ஆய்வகத்தில் செய்யத்தான் போகிறார். அந்த ஒருவர் ஏன் தோட்டத்துப் பிள்ளையாக இருக்கக்கூடாது?

தம்பி தங்கைகளே, எஸ்.பி.எம். முடிவு வந்ததும் வேதியியலில் எதிர்பார்த்த தேர்ச்சி கிடைக்கவில்லை என்று படிப்பையே விடுகிற பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். கேட்ட துறை கிடைக்கவில்லை என்று உடைந்துபோகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது கோஷின் முப்பதாவது வயதைத்தான். உலகமே பாராட்டிய கணக்கு தோற்ற பிறகுதான் அவர் இன்னும் முப்பத்தைந்து வருஷம் உழைத்தார். ஒரு பல்கலைக்கழகத் துறை, ஓர் அறிவியல் கழகம், ஓர் ஐ.ஐ.டி. எல்லாம் அதற்கப்புறம் வந்தவை. பலனில் பற்று வைக்காமல் கடமையைச் செய் என்று கீதை வகுப்பில் கேட்கிறோமே, அதை வாழ்ந்து காட்டியவர் இவர்.

நம்ம கிளைகளில் தேவார வகுப்பு நடக்கிறது, யோகா நடக்கிறது, நல்ல விஷயம். வாரத்தில் ஒரு சாயங்காலம் படிவம் 4, படிவம் 5 பிள்ளைகளுக்கு வேதியியலும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்போம். பல்கலைக்கழகத்தில் படிக்கிற அண்ணன் அக்காமார்கள் விடுமுறைக்கு வீட்டுக்கு வரும்போது இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும். ராய் கோஷுக்குச் செய்ததும், கோஷ் சாஸ்திரிக்குச் செய்ததும் இதே வேலைதான். மங்கின் கொஞ்சம் இருந்தாலே போதும், வினை தானாக நடக்கும்.