ஜீவனிப் பைக்கற்றுக்குப் பின்னால் ஒரு கல்கத்தா வைத்தியர்

கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ ஒரு பாமசிக்குள் நுழைந்து ஜீவனி கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள். முகாம்களில் வாழ்ந்தவர்களுக்கு அந்த உப்பும் இனிப்பும் கலந்த சுவை மறந்திருக்காது. வயிற்றோட்டத்தில் துவண்ட பிள்ளையை அந்தத் தண்ணீர் எப்படி எழுப்புகிறது? விடையின் முதற்பாதி சம்புநாத் டே என்ற வங்காள வைத்தியரின் வாழ்க்கையில் இருக்கிறது.

1915 பெப்ரவரி 1 ஆம் திகதி, ஹூக்ளி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தார். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்ற பின் லண்டன் சென்றார். அங்கு ரோய் கமரன் என்ற நோயியலாளரிடம் அவர் ஆராய்ந்தது நுரையீரலில் நீர் கட்டுவதைப் பற்றி. நீர் போகக்கூடாத இடத்துக்கு ஏன் போகிறது என்பதே அங்கும் கேள்வி. 1949 இல் கலாநிதிப் பட்டத்துடன் ஊர் திரும்பியவர், அதே கேள்வியைக் கொலராவிடம் கேட்டார்.

கொலரா நோயாளி ஒரே நாளில் பத்து லீற்றருக்கு மேல் நீரை இழக்கக்கூடும். குடலின் உட்பரப்பு அரிபட்டு உரிவதால்தான் இப்படி ஒழுகுகிறது என்று பலர் நம்பிய காலம் அது. பற்றீரியா ஒரு நஞ்சைச் சுரக்கலாம் என்று றொபேட் கொக் 1884 இலேயே சந்தேகித்திருந்தார். ஆனால் எழுபது ஆண்டுகளாக எவராலும் அதை நிறுவ முடியவில்லை.

டேயின் வழி மிக எளிமையானது. முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரு பக்கமும் நூலால் கட்டி, நடுவில் கொலராப் பற்றீரியாவைச் செலுத்தினார். அந்தத் துண்டு நீரால் உப்பியது. இது 1953 இல். 1959 இல் பற்றீரியாவை முழுதாக வடிகட்டி நீக்கிவிட்டு, அது வளர்ந்த திரவத்தை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் உப்பியது. நீரை வெளியே இழுப்பது நஞ்சுதான். அது வேலை செய்யும் இடம் குடலேதான் என்பது உறுதியானது.

மிகுதியைப் பிறர் கண்டார்கள். கலமென்சவ்வு கொழுப்பாலானது; உப்பும் சீனியும் தாமாக அதைக் கடக்கமாட்டா. அவற்றுக்கெனப் புரதத்தாலான வாசல்கள் உண்டு. கொலரா நஞ்சு குளோரைட்டு வெளியேறும் வாசலைத் திறந்தபடியே வைத்துவிடுகிறது. குளோரைட்டின் பின்னே சோடியமும் நீரும் போகின்றன. சுவர் இடியவில்லை. சோடியமும் குளுக்கோசும் சேர்ந்து உள்ளே வரும் இன்னொரு வாசல் பழுதின்றியே இருக்கிறது. றொபேட் கிறேன் 1960 இல் விளக்கிய வாசல் இது. இரண்டையும் அளவாகக் கரைத்துக் கொடுத்தால் நீரும் கூடவே உள்ளே வரும்.

1971 இல், வங்கப் போரில் ஓடிவந்த அகதிகள் நிறைந்த பொங்கான் முகாமில் சேலைன் தீர்ந்துபோனது. அங்கே திலீப் மகலனாபிஸ் கொடுத்தது இந்தக் கரைசலைத்தான். சுமார் 30 வீதமாக இருந்த மரணம் 3.6 வீதமாகக் குறைந்தது. முள்ளிவாய்க்காலில் அரிசியும் உப்பும் போட்டுக் காய்ச்சிய கஞ்சியும் அதே வாசலால்தான் உடலுக்குள் போனது. குடலில் அரிசியின் மாப்பொருள் குளுக்கோசாக உடைகிறது. உப்பில் சோடியம் இருக்கிறது. கஞ்சி காய்ச்சியவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டியதில்லை.

நஞ்சைத் தூய்மையாகப் பிரித்தெடுத்த பெருமை 1969 இல் அமெரிக்க ஆய்வாளர்களுக்குப் போனது. டே 1973 இல் ஓய்வுபெற்றார். நொபெல் பரிசு பெற்ற யோசுவா லெடர்பேர்க் அவர் பெயரை அப்பரிசுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தடவை முன்மொழிந்தார், கிடைக்கவில்லை. 1978 இல் நொபெல் அறக்கட்டளை நடத்திய கொலரா மாநாட்டுக்கு அழைக்கப்பட்டார். சொந்த நாட்டின் எந்த விஞ்ஞானக் கழகமும் அவரை உறுப்பினராகத் தெரிவு செய்யவில்லை. இதற்கு வறுமையையோ வசதியின்மையையோ காரணம் சொல்லிவிட முடியாது. 1985 ஏப்ரல் 15 இல் கல்கத்தாவில் காலமானார். ஐந்து ஆண்டுகள் கழித்து, இந்திய விஞ்ஞான இதழான கரன்ட் சயன்ஸ் அவருக்கென ஒரு சிறப்பிதழ் வெளியிட்டது.