ஆனந்திபாய் ஜோஷியின் அஸ்தி அமெரிக்காவுக்குப் போனது ஏன்?

இந்தியாவின் முதல் பெண் டாக்டர்களில் ஒருவர் ஆனந்திபாய் ஜோஷி. அவர் இறந்தது புனேயில். ஆனால், அஸ்தி இருப்பது நியூயார்க் மாநிலத்தில், ஓர் அமெரிக்கக் குடும்பத்தின் கல்லறையில். எப்படி?

14 வயதில் பெற்ற குழந்தை, சரியான சிகிச்சை கிடைக்காமல் 10 நாளில் இறந்துபோச்சு. டாக்டர் ஆகணும்ங்கிற வைராக்கியம் வந்தது அப்போதுதான். படிக்க வழி கேட்டு கணவர் கோபால்ராவ் எழுதிய கடிதம், ஒரு மிஷனரி இதழில் வெளியானது. நியூஜெர்ஸியின் ரோசெல் ஊரில் இருந்த தியோடிசியா கார்பென்டர், பல் டாக்டரிடம் காத்திருந்த நேரத்தில் தற்செயலாக அதைப் படித்தார். முன்பின் தெரியாத பெண்ணுக்குக் கடிதம் போட்டு, கடைசியில் வீட்டுக்கே அழைத்துவிட்டார்!

1883 ஜூனில், கணவர் துணையில்லாமல் கடல் தாண்டி வந்த ஆனந்திக்கு வயது 18. கார்பென்டரை அவர் கூப்பிட்டது 'மாவ்ஷி' என்று. மராத்தியில் அம்மாவின் சகோதரி. சும்மா மரியாதைக்குச் சொன்ன முறை இல்லை அது.

பிலடெல்பியா மருத்துவக் கல்லூரியில் 1886 மார்ச்சில் எம்.டி. வாங்கினார். ஆனால், குளிரிலும் ஒத்துக்கொள்ளாத சாப்பாட்டிலும் உடம்பு ஏற்கெனவே தளர்ந்திருந்தது, காசநோய். கோலாப்பூர் மருத்துவமனையில் பெண்கள் வார்டுப் பொறுப்பு காத்திருக்க, அக்டோபரில் கப்பலேறினார். அந்த வேலையில் அவரால் உட்காரவே முடியவில்லை. 1887 பிப்ரவரி 26-ல் இறந்தபோது, 22-வது பிறந்தநாளுக்கு ஒரு மாதம்தான் பாக்கி.

அஸ்தியை கோபால்ராவ் மாவ்ஷிக்கு அனுப்பிவைத்தார். போகீப்ஸியில் தன் குடும்பத்தார் கல்லறையில் அதை வைத்தார் கார்பென்டர்.