மரங்களின் பெயர் கேட்டு நடந்தவர்

சாரல் தொடங்கிவிட்டால் ஐந்தருவிக்குச் செல்லும் சாலையில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கின்றன. தலையில் எண்ணெயும் தோளில் துண்டுமாக எல்லாரும் அருவியை நோக்கி விரைகின்றனர். அந்த அருவிக்கு நீரைத் தேக்கி வைத்துத் தருவது மேலே நிற்கும் காடு. ஆனால், அந்தக் காட்டை அண்ணாந்து பார்ப்பவர்கள் வெகு சிலரே. இங்கிலாந்தின் ஷெர்வுட் போன்ற பழங்காடுகளில், நூற்றாண்டுகள் பல கண்ட ஓக் மரங்களின் நடுவே, விவரம் அறிந்த ஒருவர் முன்னே செல்ல, மக்கள் மெல்ல நடந்து மரங்களோடு அறிமுகமாகின்றனர். நம் மலையில் ஓக் மரம் இயற்கையாக வளர்வதில்லை. ஆயினும், குற்றாலத்து மரங்களை ஒவ்வொன்றாக அறிந்துகொள்ள நடந்த ஒருவர் இருந்தார், ஏறக்குறைய 190 ஆண்டுகளுக்கு முன்பு. அவர்தான் மருத்துவர் இராபர்ட் வைட்.

1796ம் ஆண்டு ஜூலை 6ம் தேதி, ஸ்காட்லாந்தில் பிறந்தார் வைட். எடின்பரோவில் மருத்துவம் பயின்று, 1819ம் ஆண்டு, கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி மருத்துவராகச் சென்னை வந்து சேர்ந்தார். நோயாளிகளைக் கவனித்த நேரம் போக, மீதி நேரமெல்லாம் செடிகொடிகளுக்கே. பூவும் இலையுமாகக் கிளைகளைச் சேகரித்து, தாள்களுக்கு நடுவே வைத்து உலர்த்தி, குறிப்பு எழுதி வைத்தார். இதைக் கண்ட கம்பெனி, 1826ம் ஆண்டு அவரைச் சென்னையின் இயற்கை ஆய்வாளராக நியமித்தது. மனதிற்குப் பிடித்த பணி. ஆனால், இரண்டே ஆண்டுகளில், 1828ல், சிக்கனம் கருதி அந்தப் பதவியையே அரசு நீக்கிவிட்டது. வைட் மீண்டும் மருத்துவராக நாகப்பட்டினத்திற்கு அனுப்பப்பட்டார்.

வேறொருவராக இருந்தால் மனம் கசந்து, தாள்களை மூட்டை கட்டியிருப்பார். வைட் கட்டிய மூட்டை வேறு. 1831ம் ஆண்டு விடுப்பில் தாயகம் சென்றபோது, ஏறக்குறைய ஒரு இலட்சம் உலர்தாவர மாதிரிகளை உடன் கொண்டு சென்றார். அவற்றின் எடை 2 டன் என்று சொல்லப்படுகிறது. அங்கே, வாக்கர் ஆர்னட் என்ற அறிஞரோடு சேர்ந்து உழைத்து, தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றிய நூலை 1834ல் வெளியிட்டார். செடிகளை அவற்றின் உறவுமுறைப்படி குடும்பம் குடும்பமாக வரிசைப்படுத்திய நூல் அது.

அதே ஆண்டு இந்தியா திரும்பினார். பெல்லாரியில் இருந்த படைப்பிரிவில் பணி. அந்தப் படையோடு பாளையங்கோட்டை வரை நெடும்பயணம். வழியெல்லாம் செடி சேகரித்துக்கொண்டே வந்தார். பாளையங்கோட்டையிலிருந்து குற்றாலம் எட்டும் தூரம்தான். அன்று குற்றாலத்தில் கம்பெனியார் வளர்த்த ஜாதிக்காய், கிராம்புத் தோட்டங்கள் இருந்தன. மற்றவர்கள் விலைபோகும் மரங்களைப் பார்த்தார்கள். வைட், விலைபேச முடியாத மரங்களையும் பார்த்தார். அடிவாரத்தில் வறண்ட காடு, மேலே செல்லச் செல்ல என்றும் பசுமை மாறாத சோலை. இந்தச் சிறிய இடத்திற்குள் இத்தனை வகைத் தாவரங்களா என்று வியந்த அவர், குற்றாலத்துச் செடிகளைப் பற்றிச் சென்னை ஆய்விதழில் தனியாகவே எழுதினார்.

அவர் இம்மலைக்கு அந்நியர். எனவே, அவருக்கும் வழிகாட்டிகள் தேவைப்பட்டார்கள். அலுவலகப் பணிகள் கட்டிப்போட்ட நாள்களில், உள்ளூர் மக்களே அவருக்காகக் காடுகளுக்குச் சென்று மாதிரிகளைக் கொண்டுவந்தார்கள். எந்த மரம் எந்தச் சரிவில் நிற்கும், எது எந்த மாதத்தில் பூக்கும் என்பதெல்லாம் காட்டில் நடந்து பழகியவர்களின் அறிவு. அவர்களது பெயர்கள் பெரும்பாலும் பதிவாகவில்லை. அது ஒரு குறைதான். பலரது அறிவு ஒருவரது பெயரில் நிலைத்துவிட்டது.

ஆனால், ஒரு விடயத்தில் வைட் தனித்து நின்றார். அவருக்காகச் செடிகளை வரைந்தவர்கள் இரங்கையா, கோவிந்து என்ற இந்திய ஓவியர்கள். கம்பெனி காலத்து இந்திய ஓவியர்கள் பலர் பெயர் தெரியாமலேயே மறைந்துபோனார்கள். வைட் தம் நூல்களின் படங்களில் இவ்விருவர் பெயரையும் அச்சிட்டார். அதோடு நில்லாமல், 1853ம் ஆண்டு, ஓர் ஆர்க்கிட் இனத்திற்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். பின்னாளில் அது வேறோர் இனத்தோடு சேர்க்கப்பட்டது. எனினும், வேலை செய்தவரின் பெயரைச் சொல்லவேண்டும் என்ற நேர்மை மறையவில்லை.

1838 முதல் 1853 வரை, 2101 படங்கள் கொண்ட பெரும் தொகுப்பை ஆறு தொகுதிகளாக வெளியிட்டார் வைட். இதே காலத்தில், 1842 முதல் கோவையில் அமெரிக்கப் பருத்தியை வளர்த்துப் பார்க்கும் பொறுப்பும் அவருக்கு இருந்தது. அந்த முயற்சி எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. அரசு பெரிதென எண்ணிய வேலை அது. இன்று அதை நினைப்பவர் குறைவு. ஓய்வு நேரத்தில் அவர் செய்த வேலையோ, இன்றும் தாவர அறிஞர்களின் கைகளில் இருக்கிறது.

1853ல் பணி ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்ற வைட், 1872ம் ஆண்டு மே 26ம் தேதி காலமானார். சித்த, ஆயுர்வேத மருந்துகளில் சேரும் குக்குலு மரத்தின் அறிவியல் பெயரில் அவர் பெயர் இன்றும் வாழ்கிறது. இரங்கையாவும் கோவிந்துவும் தீட்டிய ஓவியங்கள் எடின்பரோ தாவரவியல் பூங்காவில் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றைப் பற்றிய விரிவான நூல் ஒன்று 2007ம் ஆண்டு வெளிவந்தது.

அன்பார்ந்தவர்களே, ஐந்தருவிக்கு மேலே உள்ள காட்டிற்குள் நாம் நினைத்தபடி செல்ல இயலாது. அது காட்டிற்கு நல்லதே. ஆனால், ஐந்தருவியருகே உள்ள சுற்றுச்சூழல் பூங்காவில் பிள்ளைகளோடு மெதுவாக நடக்கலாம். மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்கும் அம்மாவிடம், எதிரே நிற்கும் மரத்தின் பெயரைக் கேட்கலாம். தெரிந்தவர் சொல்ல, தெரியாதவர் கேட்டுக்கொள்வதுதான் காட்டை அறியும் முதல் படி. பெயர் தெரிந்த மரத்தை வெட்டுவதற்குக் கை தயங்கும்.

அடுத்த சாரலில், குளித்துவிட்டுத் திரும்பும்போது, நம் பிள்ளைகளுக்கு ஒரு மரத்தின் பெயரையாவது சொல்லிக்கொடுப்போமா? சொல்லித்தந்தவரின் பெயரையும் மறவாமல் சொல்வோமா?